ஒரகடம் வழி ஒரு நாள்

சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய இடங்கள் எவை என்று கேட்டால், எவரும் யோசிக்காமல் ஒப்பிக்கும் பட்டியல் ஒன்று உண்டு: மாமல்லபுரம், காஞ்சிபுரம், வேடந்தாங்கல், பழவேற்காடு. சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் நால்வர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமாகப் போய்வரத் தீர்மானித்தபோது, "அங்கே வேலைக்குத்தானே போவார்கள், சுற்றிப் பார்க்கவா போவார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது, 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடிக்கொண்டு போனது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை எழுந்தது என்று, அந்த நிலப்பகுதியை நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில்தான் நாம் சந்தித்துவந்திருக்கிறோம். 'தொழில் வழித்தடம்' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. தடம் என்றாலே கடந்து போவதற்கானது. அங்கே இறங்கி நிற்கலாம் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

பயணத்துக்கு நாங்களே இரண்டு நிபந்தனைகள் விதித்துக்கொண்டோம். சொந்த வண்டி கூடாது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும் இடம் எதுவும் கூடாது. இரண்டாவது நிபந்தனையால் வண்டலூர் உயிரியல் பூங்காவும் நெடுஞ்சாலை ஓரத்து நீர்விளையாட்டுப் பூங்காக்களும் தாமாகவே கழன்றுகொண்டன. முதல் நிபந்தனையால் எங்களில் இருவருக்கு லாபம்: 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நாள் முழுவதும் அவர்கள் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார்கள்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மணிமங்கலம் போகும் சாலை, 2015 டிசம்பரில் படகுகள் ஓடிய சாலை. வரதராஜபுரம் தாண்டியதும் அடுக்ககங்கள் குறைந்து, வயலும் வேலியும் செங்கல் சூளையுமாக நிலம் சற்றே மூச்சு விடுகிறது. மணிமங்கலம் என்ற பெயர் கல்கியின் வாசகர்களுக்குப் புதிதன்று. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் அந்தப் போரை மறந்திருக்க மாட்டார்கள். வரலாற்றில் அதற்கு ஆதாரம் கூரம் செப்பேடு. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்றதாக அது பேசுகிறது. ஏழாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவின் போக்கை மாற்றிய சண்டைகளுள் ஒன்று இங்கே நடந்ததென்று அறிவிக்க ஒரு பலகைகூடப் பேருந்து நிறுத்தத்தில் இல்லை. இல்லாததும் ஒருவகையில் நல்லதே. பலகை வந்தால் பின்னாலேயே நுழைவுச்சீட்டும் வந்துவிடும்.

ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் மூலவரை உற்றுப் பார்க்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாகச் சங்கு வலக்கையிலும் சக்கரம் இடக்கையிலும் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எங்களுக்குச் சுவர்கள்தாம் அதிக சுவாரசியமாக இருந்தன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் மணிமங்கலக் கல்வெட்டுகளுக்கென ஹூல்ட்ஷ் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். ராஜாதிராஜனும் வீரராஜேந்திரனும் குலோத்துங்கனும் தத்தம் வெற்றிகளை நீள நீளமாக அறிவித்துக்கொண்டு, முடிவில் இந்த ஊர்ச் சபையார் கோயிலுக்கு விட்ட நிலத்தில் வந்து நிற்கிறார்கள். மெய்க்கீர்த்தியில் உலகம் முழுவதும் அடங்கும். கடைசி வரியில் ஒரு வயலும் அதன் எல்லைகளும். நண்பர் ஒருவர் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்து மூன்று சொற்கள் படித்தார். நான்காவது சொல்லின்மேல் மின்கம்பி போயிருந்தது.

தர்மேசுவரர் கோயில் சற்றுத் தள்ளி இருக்கிறது. பின்புறம் வளைந்து, படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் அமைந்த தூங்கானை மாட விமானம். தொண்டை மண்டலத்தில் இந்த அமைப்பு அரியதன்று. ஆனால் இத்தனை அமைதியாக, எவரும் அவசரப்படுத்தாமல், சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும் வாய்ப்பு அரியது. ஓர் ஆடு எங்களுக்கு முன்பே வந்து நிழலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆயினும் மணிமங்கலத்துக்குப் போக வேண்டியது அதன் ஏரிக்காகத்தான் என்போம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரி என்றால் தோண்டிய பள்ளமன்று. கிழக்கே மெல்லச் சரியும் தரையில், மேட்டுப்புறத்தைத் திறந்துவிட்டு, தாழ்ந்த புறத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டும் மழையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு. பாசனத்துக்கு மதகு, மிகைநீருக்குக் கலங்கல். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அது கீழேரிக்கு வரவு. இப்படிக் கைமாறிக் கைமாறி வரும் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு பிறக்கிறது. சைதாப்பேட்டைப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடக்கும் அதே அடையாறு. அதன் தலைமாட்டில் நீர் கண்ணாடியாகக் கிடந்தது. நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக மிதந்தன. நத்தைகுத்தி நாரைகள் ஓரச் சேற்றில் அலகால் துழாவிக்கொண்டிருந்தன. இரண்டு கூழைக்கடாக்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தன. பனைமர நிழலில் நாங்களும் அவ்வாறே இருந்தோம். கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றை அங்கேயே தின்றோம். ஒன்றரை மணி நேரம். 'இங்கே என்ன வேலை' என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் மட்டும், "எங்கேருந்து வர்றீங்க? தண்ணி வேணுமா?" என்றார். ஏரி பார்ப்பதற்கு உரிய மாதங்கள் மார்கழியும் தையும் மாசியும்தான். சித்திரைக்குமேல் போனால் தரையின் வெடிப்பைத்தான் பார்க்க நேரும்.

படப்பை போய்ப் பேருந்து மாறி ஒரகடத்தில் இறங்கினோம். இறங்கியதும் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. நான்கு திசையிலும் அகலச் சாலைகள், மேம்பாலம், கண்டெய்னர் லாரிகளின் வரிசை, சிப்காட் வளாகங்களின் நீண்ட மதில்கள். நடைபாதை திடீரென்று முடிந்துவிடுகிறது. மரமில்லை, பெஞ்சு இல்லை, நிழலென்று இருந்தது ஒரு தேநீர்க்கடையின் தகரக் கூரை. அதன்கீழ் நிற்க ஒரு தேநீர் வாங்க வேண்டும், இரண்டாம் முறை நிற்க இரண்டாவது தேநீர். இதை வெறும் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஊரைத் திட்டமிட்டவர்கள் லாரி திரும்பும் வளைவை அங்குலக் கணக்கில் யோசித்திருக்கிறார்கள். மனிதர் உட்காருவதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு செய்தியை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியபோது, வேட்டையாடி வாழ்ந்த மனிதர்கள் கற்கருவிகள் செய்த இடமொன்று வெளிப்பட்டது. அதற்கு மேலடுக்குகளில் பிற்காலத்துத் தங்க அணிகலன்களும், ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும். ஆக, ஒரகடத்தின் முதல் ஆலை எந்த நிறுவனத்தினுடையது என்ற கேள்விக்கு நம்மிடம் விடை உண்டு. பன்னாட்டு வணிகமும் பழைய சங்கதிதான்.

வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம். அருணகிரிநாதர் பாடிய தலம். கிருத்திகையில் கூட்டம் நெரியும் என்றார்கள்; நாங்கள் போனபோது புதுமணத் தம்பதியர் சிலரும், ஆலைச் சீருடையிலேயே வந்த இளைஞர்கள் சிலரும் இருந்தார்கள். நடை சாத்துவதற்குள் தரிசனம் முடிந்தது. பிரகாரத்துக் கல் குளிர்ச்சியாக இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் நண்பகல் வெயில். 1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி தற்கொலைக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட இடத்தில் எழுப்பிய நினைவகம் 2003இல் திறக்கப்பட்டது. ஏழு தூண்கள், நடுவே அவர் விழுந்த இடம். அன்றிரவு அவருடன் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் அவர்களில் உண்டு. எங்கள் தலைமுறையில் பலர் அந்த இரவை எங்கிருந்தோம், எப்படி வீடு சேர்ந்தோம் என்பதோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். அதனால் வாயிலைக் கடக்கும்போது குரல் தாமாகவே தாழ்ந்துவிட்டது. உள்ளே ஓரமாக, அந்த வருடத்துக்கு எவ்வளவோ பின்னர் பிறந்த பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அது உறுத்தியது. பிறகு ஒரகடத்து நாற்சந்தி ஞாபகம் வந்தது. பச்சைப் புல்லும் நிழலும் காவலும் உள்ள, காசு கேட்காத இடம் அவர்களுக்கு வேறெங்கே இருக்கிறது?

மாலையில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் திறந்தது. 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. இங்குள்ள அவருடைய திருவுருவைத் 'தானுகந்த திருமேனி' என்பார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே, அவர் மனம் ஒப்பிச் செய்யப்பட்டது என்பது மரபு. திருவரங்கத்தில் இருப்பது 'தானான திருமேனி', மேல்கோட்டையில் 'தமருகந்த திருமேனி'. பிரிந்து போகிறவரைப் பிரிய மனமில்லாத ஊரார் உருவமாக வைத்துக்கொண்ட கதையில் எங்களுக்கு எப்போதும் ஒரு ஈர்ப்பு உண்டு. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நிறைந்திருக்கும் இன்றைய ஸ்ரீபெரும்புதூரில் அது வேறுவிதமாக ஒலித்தது.

அனந்தசரஸ் திருக்குளத்தின் ஓரத்தில் மூன்று பெண்கள் பொரிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டார்கள். எங்களுடன் வந்த தோழி அருகில் அமர்ந்ததும் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்கள். ஒருத்திக்குத் தேனிப் பக்கம், மற்ற இருவருக்கும் திருவண்ணாமலை. கைபேசி உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை. வாராந்திர விடுமுறை சுழற்சியில் வரும். அன்றைக்கு மூவருக்கும் சேர்ந்து அமைந்ததே அதிசயம் என்றார்கள். அடிக்கடி இங்கே வருவீர்களா என்று கேட்டோம்.

"ஆஃப் கெடச்சா இங்கதான் அக்கா. எங்க போனாலும் ஏதாச்சும் வாங்கணும். இங்க உக்காந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

விடுதியில் மொட்டை மாடி இருக்குமே என்றோம். பூட்டியிருக்கும் என்றாள் தேனிப் பெண். எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டுமாம்.

2021 டிசம்பரில் விடுதி உணவு ஒவ்வாமல் நூற்றுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனபோது, அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். பல மணி நேரம் போக்குவரத்து நின்றது. தமிழ்நாடு முழுவதும் அன்றைக்குத்தான் இந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. படுக்கையின் நிலைமை மாறியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. படுக்கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே உள்ள நேரத்துக்கு என்ன செய்வது என்பதற்கு இன்னும் ஏரிக்கரையும் குளத்தங்கரையும்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வெட்டியவர்கள் சிப்காட்டைக் கனவிலும் கண்டவர்களல்லர். பொதுவில் விட்டுச் சென்றார்கள், அவ்வளவே.

மணிமங்கலம் ஏரியைப் பற்றிச் சொன்னபோது மூவரில் ஒருத்தி கைபேசியில் குறித்துக்கொண்டாள். பறவைகளைவிட, பேருந்துக்குக் காசு இல்லை என்பதே அவளை ஈர்த்ததாகத் தோன்றியது. "தனியாப் போலாமாக்கா? பயமில்லையே?" என்று கேட்டாள். பகலில் மாடு மேய்ப்பவர்கள் இருப்பார்கள், மூவருமாகப் போங்கள் என்றார் தோழி. குன்றத்தூருக்குப் போயிருக்கிறார்களா என்று கேட்டோம். போனதில்லை. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் என்றபோது பள்ளிக்கூட நினைவில் சிரித்தார்கள். மலைமேல் முருகன் கோயிலிலிருந்து பார்த்தால் செம்பரம்பாக்கம் வரை தெரியும் என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பூந்தமல்லிப் பேருந்தில் நாங்கள் திரும்பியபோது இருட்டிவிட்டது. நால்வருக்கும் சேர்த்து அன்றைய செலவு, தேநீர் உட்பட, முந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை. குன்றத்தூர் மலைக்கு 84 படிகள். எங்களில் இருவருக்கு முழங்கால் வலி உண்டு. ஆகவே அதை மாசிக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பெண்களுக்கு அடுத்த விடுமுறை புதன்கிழமையில் வருகிறதாம்.