வேதாகமம் வாசித்தவரின் நிக்காஹ்

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையில் வள்ளத்து மெசின் திருத்துகிற முஸ்லிம் ஒருவர் சட்டத்தரணியான என்னிடம் வந்தது, யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போய், பிறகு சோனகத் தெருவுக்குத் திரும்பியவர். கரையில் கத்தோலிக்கத் தொழிலாளரோடு கதைத்துப் பழகி, வேதாகமத்தை இரவல் வாங்கி வாசித்து வந்தார். மனைவியின் தமையன் அதைக் கண்டுவிட்டார். “மார்க்கத்தை விட்டவரோடு நிக்காஹ் நிலைக்காது” என்று மனைவியின் பெயரில் காதி நீதிமன்றத்துக்கு முறைப்பாடு போனது.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி முன் சட்டத்தரணி தோன்ற முடியாது. கட்சிக்காரரே பேச வேண்டும். நான் செய்யக்கூடியது குறிப்பு எழுதிக் கொடுப்பது மட்டும். அதிலும் ஒரு சங்கடம்: நான் யாகப்பர் கோயில் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கன். என் வாயால் வரும் எந்த நியாயமும் மதமாற்றத்துக்குத் துணை என்றே அங்கே காதில் விழும். ஆகவே இஸ்லாமிய ஆதாரங்களுக்கு வெளியே போவதில்லை என்று தீர்மானித்து, மௌலவி ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

எதிர்த்தரப்பிடம் வலுவான ஹதீஸ் இருந்தது. நபித்தோழர் உமர், யூதரின் வேதமான தவ்ராத்தின் பகுதி ஒன்றைக் கொண்டுவந்தபோது நபிகள் அதிருப்தி அடைந்தார் என்பது. அதை மறைத்து வாதாட நான் விரும்பவில்லை. அறிவில் ஊன்றாதவர் வழிகாட்டலை வேறெங்கோ தேடுவதற்கு எதிரான எச்சரிக்கை அது என்று அறிஞர் பலர் விளக்கியிருப்பதை எழுதினேன். நபித்தோழர் சைத் இப்னு தாபித் யூதரின் எழுத்தைக் கற்றதும் ஓர் ஆதாரம்தான்; ஆனால் அவர் கற்றது கடிதப் போக்குவரத்துக்காக. ஆதலால் அதில் அதிகம் சாயவில்லை. பிற மத நூலை வாசிப்பது மார்க்கத்தை விடுவதாகாது என்பதற்கு இன்னோர் உதாரணமும் எழுதினேன்: 1030 அளவில் இந்தியா பற்றிய நூலை எழுதி, பதஞ்சலியின் யோக சூத்திரத்தையும் அரபுக்குக் கொண்டுவந்த அல்பிரூனி முஸ்லிமாகவே வாழ்ந்தவர். எல்லாவற்றையும்விட நான் நம்பியது குர்ஆன் 5:5ஐ. வேதக்காரப் பெண்ணை, அதாவது யூத அல்லது கிறிஸ்தவப் பெண்ணை, முஸ்லிம் ஆண் மணக்க அது அனுமதிக்கிறது. அவள் தன் வேதத்தோடு அந்த வீட்டில் வாழலாமென்றால், அதே நூல் வீட்டில் இருப்பதால் நிக்காஹ் எப்படி முறியும்?

நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் சேர்த்தேன். கணவன் அஹ்மதியா இயக்கத்தில் சேர்ந்ததால் திருமணம் முறிந்தது என்று மலபார்ப் பெண் ஒருவர் மறுமணம் செய்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 1922இல் அவன் முஸ்லிமே என்றது. ஒரே இறைவனையும் முஹம்மதின் தூதுத்துவத்தையும் ஏற்பது போதும் என்பது அதன் அடிப்படை. இதற்கு நேர்மாறாகக் கெய்ரோவில் 1995இல் நடந்தது. குர்ஆன் ஆய்வாளர் நஸ்ர் அபூ ஸைதை அவருடைய எழுத்துகளுக்காக மதம் துறந்தவரென்று தீர்த்து, மனைவியோடு பிரிக்கும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. இருவரும் அதை விரும்பவில்லை. இருவரும் நாட்டை விட்டே போனார்கள். ஒரு மனிதன் எதை வாசிக்கிறான், எழுதுகிறான் என்று பார்த்து அவன் ஈமானை அளக்கப் போனால் எத்தகைய கொடுமை விளையும் என்பதை அந்த வழக்கு எனக்குக் காட்டியிருந்தது.

காதியார் அவரிடம் கேட்டது, அவர் எதை நம்புகிறார் என்பதை. அவர் கலிமாவைச் சொன்னார். மார்க்கம் விட்டார் என்ற வாதம் தள்ளுபடியானது.

பிறகு மனைவி தானாகவே பேசினார். வீட்டுச் செலவுக்குப் பணம் வருவதில்லை என்பதுதான் அவருடைய குறை. தமையனின் முறைப்பாட்டில் அது ஒரு வரிகூட இல்லை. காதியார் பிள்ளைகளின் பராமரிப்புக்கு மாதாந்தத் தொகை விதித்தார். அது நியாயமான கட்டளை என்று என் கட்சிக்காரரிடமே சொன்னேன்.