குறை தேடும் கண்

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அமைந்திருக்கும் சாலைக்கு ஓசூர் சாலை என்று பெயர். நம்மூர்ப் பெயரைத் தாங்கிய அச்சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் அதன் வாயிலில் இறங்கிவிடலாம். ஆயினும் அங்கே போய் வருவதை நம்மவர் எளிதில் வெளியே சொல்வதில்லை. "டெய்ரி சர்க்கிள் பக்கம் ஒரு வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். 1847-இல் பைத்தியக்கார விடுதியாகத் தொடங்கி, 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனமாக வளர்ந்து, 1974-இல் இன்றைய பெயரைப் பெற்றது அந்நிலையம். அதைப் பற்றிய நமது அச்சமோ இன்னும் பழைய பெயரிலேயே நிற்கிறது. 2015-16-இல் அந்நிறுவனம் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனுமொரு மனநலக் குறையோடு வாழ்வது தெரியவந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள்.

சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் தரப் பரிசோதகனாகப் பணியாற்றியவன் நான். ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் எங்கள் கண் அதன் அழகைப் பார்ப்பதில்லை. பிழை எங்கே என்றுதான் தேடும். நூற்றில் தொண்ணூற்றொன்பது சரியாக அமைந்தால் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. விலக்கப்பட்ட ஒன்றுக்குத்தான் காரணம் எழுத வேண்டும். அது தொழில் தருமம்; பிரேக் பாகத்தில் ஒரு மயிரிழை விரிசல் தப்பிவிட்டால் சாலையில் ஓர் உயிர் போகும். ஆனால் அந்தக் கண்ணைக் கேட்டில் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்புவது எல்லாருக்கும் கூடுவதில்லை.

என் பிரிவிலேயே வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு நாற்பது வயதுக்குமேல் உறக்கம் போயிற்று. இரவு ஷிப்டு முடிந்து காலையில் படுத்தால், தம்பியிடம் என்றோ சொன்ன கடுஞ்சொல், தாயின் கடைசி நாளில் ஊர் போய்ச் சேர முடியாமற் போனது, மகனின் மதிப்பெண் என ஒவ்வொன்றாகக் கன்வேயரில் வருவதுபோல வருமாம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து 'ரிஜெக்ட்' முத்திரை குத்துவாராம். "அண்ணே, நானே ஸ்கிராப்தான்" என்றார் ஒரு நாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகுதான் அவரை அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மனச்சோர்வு நோய் என்றார்கள் மருத்துவர்கள். முதலில் மாத்திரை. உறக்கம் ஓரளவு திரும்பிய பின், மூச்சைக் கவனித்தபடி அமரவும், எழுகின்ற எண்ணத்தை விரட்டாமலும் அதன் பின்னே ஓடாமலும் 'இதுவும் ஓர் எண்ணம்' என்று கண்டுகொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். பௌத்தத் தியானத்தில் வேர்கொண்ட இந்த விழிப்புப் பயிற்சியை 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் நோயாளிகளுக்கென எட்டு வாரப் பாடமாக வகுத்தார். மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுக்க அதைப் பயன்படுத்திய ஓர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. மும்முறையோ அதற்கு மேலோ நோயுற்று மீண்டவர்களில், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோருள் 66 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோருள் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இரண்டு முறை மட்டும் நோயுற்றவர்களிடம் இப்பயன் தென்படவில்லை. ஆகவே இது எல்லார்க்கும் பொருந்தும் சர்வரோக நிவாரணி அன்று. மாத்திரையை எறிந்துவிட்டு மூச்சைக் கவனி என்று போதிக்கும் அவசரக்காரர்களிடம் எச்சரிக்கையாய் இருப்பது நலம்.

நண்பருக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. "இன்று பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் சிதறியது" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார்! தியானமும் ஓர் இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிட்டது. கவனம் இருந்தது, கனிவு இல்லை. கிறிஸ்டின் நெஃப் என்னும் உளவியலாளர் 2003-இல் எழுதிய கட்டுரைகளில் இக்கனிவை மூன்று இழைகளாக விளக்கினார்: தன்னிடம் கடுமை காட்டாதிருத்தல், தன் துன்பம் மனிதர் அனைவருக்கும் பொதுவானது என உணர்தல், துன்பத்தைப் பெருக்காமலும் மறைக்காமலும் விழிப்போடு நோக்குதல். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? தன்னிரக்கம் என்றால் 'ஐயோ, எனக்கு மட்டும் இப்படியா' என்று புலம்புவதாகவே பொருள்படுகிறது. நெஃப் சொல்வதோ அதற்கு நேர்மாறு. தன்பரிவு என்று சொல்லிப் பார்க்கிறேன்.

மார்பில் தட்டி மன்னிப்புக் கேட்கும் மரபில் வளர்ந்த நமக்கு உடனே ஓர் ஐயம் எழும்: தன்னிடம் பரிவு காட்டினால் மனிதன் சோம்பிப் போகமாட்டானா? கலிபோர்னியாவில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கடினமான தேர்வில் தோற்றபின் தம்மிடம் பரிவு காட்டத் தூண்டப்பட்ட மாணவர்களே அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். இதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஓசூரில் ஆலை நடத்தும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. அந்த டெமிங் வகுத்த பதினான்கு கொள்கைகளுள் எட்டாவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றச் சொல்கிறது. அஞ்சுகிறவன் பிழையை ஒளிப்பான். ஒளித்த பிழை திருந்தாது. (மூன்றாவது கொள்கை, பரிசோதனையை நம்பியே தரத்தை எதிர்பார்க்காதே என்பது. என் பிழைப்புக்கே உலை வைத்தவர் அவர்!)

நம் திருச்சபை மரபும் இதை நோயின் வழியாகவே கற்றது. 1522-இல் மொன்செராத்தில் மூன்று நாள் செலவிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்த இலொயோலா இஞ்ஞாசியார், மன்ரேசாவுக்கு வந்தபின் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டோமோ என்று மீண்டும் மீண்டும் பழைய பாவங்களைக் கிளறினார். அந்த வேதனையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனையும் தமக்கு வந்ததைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று துணிந்த பிறகே விடுதலை கிடைத்தது. அவர் வகுத்த ஆன்ம சோதனையின் முதற்படி எது தெரியுமா? நன்றி கூறுதல். குறைகளைத் தேடுவது அதற்குப் பின்னர்தான். 1609-இல் வெளிவந்த தம் நூலில் பிரான்சிஸ் சலேசியார், தன்னிடமே சாந்தமாய் இருப்பது பற்றித் தனி அதிகாரம் எழுதி, கோபப்பட்டதற்காகத் தன்மேல் கோபப்படுகிறவர்களைக் கண்டிக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாரந்தோறும் மாறும் ஷிப்டையும், நிரந்தரமில்லாத ஒப்பந்த வேலையையும், விடுதி அறையின் தனிமையையும் மூச்சுப் பயிற்சி மாற்றிவிடாது. அவற்றை மாற்றுவது சங்கத்தின், நிர்வாகத்தின், அரசின் பொறுப்பு. அந்தப் பொறுப்பையும் தொழிலாளியின் மனத்தின்மேலேயே சுமத்துவது பரிவு ஆகாது. மருத்துவமனை வரை போகத் தயங்குவோர்க்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

நண்பர் இன்னும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார், அளவு குறைந்திருக்கிறது. குறிப்பேட்டையும் விடவில்லை. இஞ்ஞாசியாரைப் பற்றி நான் சொன்ன பிறகு, சரியாய் அமைந்த ஒன்றை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறார். சென்ற வாரம் காட்டினார். முதல் வரி: "கேன்டீன் தேநீர் இன்று சூடாக இருந்தது." அதன் கீழே வேறெதுவும் எழுதவில்லை.