உம்மாவின் அல்பத்தோடு ஒரு கச்சான் காலம்

ஜூலை 5, வெள்ளி

எங்கள் கரையில் படங்களைச் சுவரில் மாட்டுவது குறைவு. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நான் போய்வரும் வீடுகளில் அவை அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு அடியில், துணி சுற்றிக் கிடக்கும். தொழுகிற இடத்தில் முகங்கள் இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம். வீட்டுப் பெண்களின் படம் வெளியார் கைக்குப் போகக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்துக்காகவே படம் எடுக்கவும் கொம்பியூட்டரில் திருத்தவும் படிக்கத் தொடங்கினேன். உம்மாவின் கலியாண அல்பம் செம்மை பாய்ந்து கெட்டுக்கொண்டு வருகிறது. கடையில் கொடுத்தால் திருத்தித் தருவார்கள். ஆனால் அந்த முகங்களெல்லாம் யாரோ ஒருவருடைய கொம்பியூட்டரில் தங்கிவிடும். "கடைக்குக் குடுக்காத மகள், நீயே படிச்சுச் செய்" என்று உம்மா முடிவாகச் சொல்லிவிட்டா.

ஜூலை 14

சுபஹு தொழுதுவிட்டு வாப்பாவோடு கடற்கரைக்குப் போனேன். மச்சானின் பழைய கெமராவை இரவல் வாங்கியிருக்கிறேன்.

கிழக்குக் கரையில் வெளிச்சத்தின் நடப்பே வேறு. சூரியன் கடலிலிருந்து எழும்பி வயல்களின் பக்கம் விழுகிறது. விடியலில் கடலைப் பின்னால் வைத்து ஒருவரை நிறுத்தினால், கெமரா வானத்து வெளிச்சத்தை அளந்து படம் முழுவதையும் இருட்டாக்கும், முகம் கரியாகும். அதனால் நான் கடலுக்கு முதுகு காட்டி நின்றேன், வாப்பாவைக் கடலைப் பார்க்கச் சொன்னேன். நெற்றிச் சுருக்கமும் நரைத்த தாடியும் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தன. வெயில் ஏறி, தொப்பியின் நிழல் கண்ணில் விழத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டோம்.

ஹஜ்ஜுப் பெருநாள் படங்கள் ஏன் மங்கலாக வந்தன என்பதும் இப்போது புரிகிறது. கெமராவின் அளவுகோல் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்கிறது. வெள்ளை ஜுப்பாக்கள் நிறைந்த படத்தைச் சாம்பலாக்கும், கறுப்பு அபாயாக்கள் நிறைந்த படத்தை வெளிறச் செய்யும். வெள்ளைக்கு ஒரு படி வெளிச்சத்தைக் கூட்டவேண்டும், கறுப்புக்கு ஒரு படி குறைக்கவேண்டும். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் வெள்ளை எரியாத அளவுக்கு எடுத்து, நிழலைப் பிறகு திருத்தும்போது தூக்கவேண்டும். அதற்கு ரோ ஃபைல் வேண்டும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ரோவில் 16,384. கறுப்புத் துணியின் மடிப்புகள் அந்தக் கூடுதல் படிகளுக்குள்தான் இருக்கின்றன. எங்கள் பெண்கள் உடுக்கும் உடுப்புக்கு இது சின்ன விஷயமே இல்லை.

ஜூலை 27

கச்சான் காற்று. விறாந்தையில் எதை வைத்தாலும் சற்று நேரத்தில் புழுதி. அறைக்குள் வைத்து அல்பத்தைப் பிரதி எடுத்தேன். பசைத் தாளில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் மூடிய பழைய வகை அல்பம் அது. இழுத்தால் கிழியும் படங்களை அப்படியே விட்டு, பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கி, நேர் மேலேயிருந்து கெமராவால் எடுத்தேன். இரு பக்கமும் சரிவாக இரண்டு விளக்குகள், ஃபிளாஷ் கிடையாது. கழன்று வந்தவற்றை ஸ்கேனரில் 600 டிபிஐயில் போட்டேன். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2,400க்கு 3,600 புள்ளிகளாக வந்தது. அடையாள அட்டைக்கென்று எடுத்த சின்னப் படங்களுக்கு 1,200 வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று நிறம்.

உம்மாவின் கலியாணம் 1982இல். அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகளில் மூன்று சாயங்கள் இருக்கும். அலுமாரி இருட்டில் கிடந்தாலும் அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் சிதைந்துபோகும், மிஞ்சுவது சிவப்பு. ஆகவே சிவப்பு வரிசையின் வளைகோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கவேண்டும். எவ்வளவு இறக்குவது? வாப்பாவின் தொப்பி வெள்ளையாகும் வரை, மீசை கறுப்பாகும் வரை. இரண்டு முனைகளும் அப்படிப் பிடிபட்டன. இடையில் கிடக்கும் நிறங்களுக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

உம்மா எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்கு மறுநாள் படத்தில் உடுத்திருந்த சேலையை எடுத்துவந்தா. மருதமுனைத் தறியில் நெய்தது. கரும்பச்சை, மஞ்சள் கரை. வெளி மடிப்பு மங்கியிருக்கலாம் என்று உள் மடிப்பை விரித்து, யன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரவுக்கென்று திரையை மஞ்சளாக்கும் வசதியை முதலில் நிறுத்தினேன். துணியின் பச்சையும் படத்தின் பச்சையும் ஒன்றாகும் வரை நகர்த்தினேன். ஒன்றானபோது, நான் தொடாமலேயே உம்மாவின் கையும் முகமும் அவவுடைய சொந்த மாநிறத்துக்கு வந்துவிட்டன.

உம்மா நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. "இதுதான் நான்" என்றா.

ஆகஸ்ட் 10

ராத்தாவின் மகள் பார்த்துவிட்டு, "முகத்தக் கொஞ்சம் வெள்ளையாக்குங்களன் சாச்சி" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் கண்ட கலியாண அல்பங்களில் எல்லா மணப்பெண்களும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. கடலோர வெயிலில் வளர்ந்த பிள்ளைகளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிட்டு அதை அழகு என்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு. பேரப்பிள்ளைகள் தங்கள் நிறம் யாரிடமிருந்து வந்தது என்று தேடும்போது, இந்த அல்பங்களில் விடை கிடைக்காது. அவளைப் பக்கத்தில் இருத்தி, சேலையையும் படத்தையும் சேர்த்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் 18

வாசித்ததில் மனதில் நின்றது: கொம்பியூட்டருக்குள் ஸ்கேன் செய்து ஏற்றிய முதல் படம் ஒரு வீட்டுப் படம். 1957இல் அமெரிக்காவில் ரஸல் கேர்ஷ் என்பவர் தன்னுடைய மூன்று மாத மகனின் படத்தை ஏற்றினார். 176க்கு 176 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. ஃபோட்டோஷொப்பை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான ஜோன் நோல், அதன் வித்தைகளைக் காட்ட எடுத்துக்கொண்டதும் கடற்கரையில் இருக்கும் தன் வருங்கால மனைவியின் படத்தைத்தான். இந்தத் தொழில்நுட்பம் வீட்டுப் படங்களோடு வளர்ந்தது. அதை வீட்டுக்குள் வைத்தே செய்ய நினைப்பதில் புதுமை ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24

மூத்தம்மாவின் படம். இதுவரை தள்ளிப்போட்டு வந்தது.

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் எடுத்தது. பின்னால் மினாரா, மேலே கொடி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் இந்த மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மூத்தம்மாவும் அவர்களில் ஒருவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். தாய்வழி வீடுகள் அடுத்தடுத்து இருக்கும், அல்பங்களும் அங்கேயே இருக்கும். கரையோர வளவுகள் போனபோது பல குடும்பங்களில் பல தலைமுறைப் படங்கள் ஒரே காலையில் போயின. இந்த ஒன்று சேற்றிலிருந்து கிடைத்தது. இடது பாதி முகம் இல்லை.

படத் தாளின் மேலிருப்பது ஜெலற்றின். ஈரத்தில் ஊதும், அதைப் பக்டீரியா தின்னும், நிறம் கரைந்து ஓடும். 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது, சேற்றில் கிடைத்த படங்களைத் தொண்டர்கள் குளிர்ந்த நீரில் மெதுவாகக் கழுவிக் காயவைத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். ஃபுஜிஃபில்ம் நிறுவனம் அதற்கு வழிமுறை சொல்லிக் கொடுத்தது. எங்களுக்கு அந்த நாட்களில் ஜனாஸாக்களைத் தேடி அடக்கவே பொழுது போதவில்லை.

சேலையிலும் வானத்திலும் மினாராவிலும் படிந்த கறைகளைப் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு மூடினேன். முகத்துக்கு என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் மச்சானின் மகன் போட்டுக் காட்டினான். நொடியில் முழு முகம் வந்தது. நேரான மூக்கு, சமமான இரு கண்கள், சுருக்கமில்லாத கன்னம். உம்மா பார்த்துவிட்டுக் கேட்டா: "இது ஆரு?"

அந்தச் செயலி மூத்தம்மாவைக் கண்டதில்லை. எண்ணற்ற பிற பெண்களின் முகங்களிலிருந்து ஊகித்து ஒருத்தியைச் செய்திருக்கிறது. நிந்தவூர் மாமாவிடம் காணிக் கோவைக்குள் மூத்தம்மாவின் அடையாள அட்டைப் பிரதி ஒன்று இருக்கிறது. அந்த முகத்தை வெட்டி ஒட்டலாம் என்றார்கள். வேறு வயது, வேறு வெளிச்சம். அதையும் நான் செய்யவில்லை. பாதி முகத்தை அப்படியே விட்டு, அட்டைப் படத்தைத் தனியாகத் துப்புரவாக்கி, இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தேன். உம்மா வலது கண்ணின் மேல் விரலை வைத்து, "இது உம்மாட கண்" என்றா.

செப்டம்பர் 6, வெள்ளி

ஸ்கேன் செய்த மூலப் படங்களை டிஃப் ஆக, ஒரு கீறலும் நீக்காமல், தனி ஃபோல்டரில் போட்டேன். திருத்தியவை வேறு ஃபோல்டர். கடலோரத்தில் ஒரு பிரதி மட்டும் வைத்திருக்க எனக்கு மனமில்லை. அதனால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் சம்மாந்துறையில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறது. கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஊர்.

மிச்சமுள்ள பெரிய வேலை பெயர்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எந்த ஊர், என்ன முறை என்று உம்மா சொல்லச் சொல்ல ஃபோனில் பதிவுசெய்து எழுதுகிறேன். கலியாண வீட்டுக் கூட்டத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு பெண்ணை மட்டும் உம்மாவுக்கு நினைவில்லை. மருதமுனை மாமிக்குத் தெரிந்திருக்கலாம். அவவுக்கு இப்போது கண் மங்கி வருகிறது. ஆகவே அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி அச்செடுத்து வைத்திருக்கிறேன், நாளைக் காலை கொண்டுபோவதற்கு.