33 அங்குலம்

வருஷா வருஷம் பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் முந்நூற்றுச் சொச்சம் கல்லூரிப் பையன்களைக் கூட்டி வைத்து அளக்கிறார்கள். உயரம், எடை, உள்ளங்கையை அகல விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை எவ்வளவு, தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை எவ்வளவு என்று எல்லாவற்றையும் எட்டில் ஒரு அங்குலம் சுத்தமாக எழுதிக்கொள்கிறார்கள். பிறகு 40 கஜம் ஓடச் சொல்கிறார்கள். 225 பவுண்டு எடையைப் படுத்தபடி எத்தனை தடவை தூக்க முடியும் என்று எண்ணுகிறார்கள். இதற்குப் பெயர் கம்பைன். ஏப்ரல் கடைசியில் நடக்கும் டிராஃப்டில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் இந்தப் பையன்களை எடுத்துக்கொள்ளும். முதல் சுற்றில் போனவன் பெரும் பணக்காரன். ஏழாவது சுற்றில் போனவனுக்கு ஆகஸ்டு வரைக்கும் வேலை இருக்குமா என்பதே சந்தேகம்.

நான் ஓஹையோவில் சில வருஷம் ஆன்சைட் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. சென்னைக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. அங்கே வியாழக்கிழமை இரவு எட்டு மணி என்றால் இங்கே வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை. பால் பாக்கெட் வருகிற நேரம். வீட்டில் யாருக்கும் இது புரிவதில்லை. அதிலும் நான் பார்ப்பது பந்து எறிபவனையோ பிடிப்பவனையோ அல்ல, அஃபென்ஸிவ் லைன் என்கிற ஐந்து தடியன்களை. "பந்தையே தொடாதவங்கள எதுக்குடா பாக்குற?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இந்த இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று பார்ப்பார். அதற்கு அவருக்கு உத்தேசமாக இரண்டரை விநாடி வேண்டும். எதிரணியில் நாலைந்து பேர் அவரை மண்ணில் சாய்க்க ஓடி வருவார்கள். நடுவில் நிற்கும் சுவர்தான் அஃபென்ஸிவ் லைன். மையத்தில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், இரண்டு ஓரத்திலும் டேக்கிள். சென்டர் ஒவ்வொரு தடவையும் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பார். மற்ற நாலு பேரும் மூன்று மணி நேரம் ஆடிவிட்டுப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகலாம். எறிந்த பந்தைப் பிடிக்க, ஓரிரு விதிவிலக்கு தவிர, இவர்களுக்கு அனுமதியே கிடையாது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் கேட்ச் விட்டால்தான் ஞாபகத்துக்கு வருவார் என்பார்கள். அவருக்காவது ஸ்கோர்கார்டில் ஒரு வரி உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

என்னைப் பிடித்துப்போட்டது இதுதான். எதுவுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றால், அந்த வேலையில் ஒருவன் கெட்டிக்காரனா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் டீமில் இருக்கிறேன். அப்ரைசல் நேரத்தில் வருஷா வருஷம் இதே கேள்விக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் சிக்கல், பழி யாருடையது என்பது. குவார்ட்டர்பேக் விழுந்துவிட்டார். இடது டேக்கிளுக்கும் கார்டுக்கும் நடுவில் புகுந்து ஒருவன் அடித்துவிட்டான். டிவியில் டேக்கிள் திரும்பிப் பார்த்துக்கொண்டு முட்டாள் மாதிரி நிற்கிறார். ஆனால் அந்தப் பந்துக்கு உள்ளே வருபவனை கார்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சென்டர் குரல் கொடுத்திருக்கலாம். கார்ட் அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். அல்லது குவார்ட்டர்பேக்கே நாலு விநாடி பந்தை வைத்துக்கொண்டு சுற்றியிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அந்த உத்தரவு தெரியாது. எங்கள் தொழிலில் கிட் பிளேம் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவன் யார் என்று அது சொல்லும். தப்பு யாருடையது என்று சொல்லாது. இரண்டும் ஒன்று என்று நினைக்கிற மேனேஜர்களை எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது சிக்கல், கல்லூரி ஆட்டமே வேறு என்பது. நிறைய கல்லூரி அணிகள் பந்தைச் சட்டென்று எறிந்துவிடும். டேக்கிள் ஒரு விநாடி மோதினால் போதும். அப்படி ஒரு சீசன் முழுக்கத் தப்பே செய்யாத பையனைப் பற்றி நமக்கு என்ன தெரிந்துவிட்டது? அதனால் நல்ல ஸ்கவுட்டுகள் 800 ஆட்டங்களில் எண்பதையோ தொண்ணூறையோ பொறுக்கி எடுத்துப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் எறியப் போகிறார்கள் என்று தெரிந்த நேரம், உதவிக்கு வேறு ஆள் இல்லை, எதிரில் நிற்பவனும் டிராஃப்டுக்குப் போகிறவன். அப்போது அவன் கால்கள் என்ன செய்கின்றன? பின்னோக்கிச் சறுக்கும்போது இரண்டு பாதங்களும் தரையை விட்டு ஒரே நேரத்தில் எழும்பக் கூடாது. கைகள் எதிராளியின் மார்புக்குள் போகின்றனவா, தோளுக்கு வெளியே போகின்றனவா? நேராக வந்து முட்டும்போது இரண்டடி பின்னால் போனாலும் மூன்றாவது அடியில் இடுப்பை இறக்கி நங்கூரம் மாதிரி நிற்கிறானா? எதிரே இரண்டு பேர் குறுக்கே இடம் மாறி வரும்போது தன் ஆளைப் பக்கத்தில் நிற்பவனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்தவனைப் பார்க்கிறானா? எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம். அரை விநாடிக்குள் நடக்கிற நம்பிக்கை அது. டேப் அளவில் இது வராது.

ஆனால் டேப் அளவுக்குத்தான் மரியாதை. டேக்கிள் என்றால் கை 34 அங்குலம் இருந்தால் நல்லது, 33-க்குக் கீழே என்றால் கார்டாக மாற்றிவிடு என்பது பல காலமாகப் புழங்கும் கணக்கு. முட்டாள்தனமான கணக்கு அல்ல. ஓரத்திலிருந்து வருபவன் வேகமாக வளைந்து வருவான். நீண்ட கை இருந்தால் முதலில் தொடுவது நீ. முதலில் தொட்டவன்தான் அவனைத் திசை திருப்புகிறான்.

2025-ல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்து வில் கேம்பல் கம்பைனுக்கு வந்தார். மூன்று வருஷம் இடது டேக்கிளாக ஆடியவர். கை 32 5/8 அங்குலம் என்று அறிவித்தார்கள். உடனே, இவர் டேக்கிளா கார்டா என்று ஒரு மாதம் சண்டை நடந்தது. பிறகு அவருடைய கல்லூரியிலேயே நடந்த அளவெடுப்பில் அதே கை 33 அங்குலம் ஆனது. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. பையன் ஆடிய ஆட்டங்களில் ஒன்றுகூட இதற்கிடையில் மாறவில்லை. நியூ இங்கிலாந்து அணி நாலாவது ஆளாக அவரை எடுத்தது, டேக்கிளாகவே.

ஜோ தாமஸின் கை 32 1/2 அங்குலம். 2007-ல் மூன்றாவதாக கிளீவ்லாண்ட் அணி எடுத்தது. டிராஃப்ட் அன்றைக்கு மேடைக்கு வராமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போனவர். அதன்பின் தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப், ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். ஸ்னாப் என்பது பந்து பின்னால் வரும் ஒவ்வொரு தடவையும். அந்த அணி அந்த வருஷங்களில் ஆடிய ஆட்டத்துக்கு அவர் ஒரு தடவையாவது வெளியே போய் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2023-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்.

எண்கள் மறுபக்கமும் பொய் சொல்லும். 1989-ல் கிரீன் பே அணி டோனி மண்டாரிச் என்ற டேக்கிளை இரண்டாவது ஆளாக எடுத்தது. 300 பவுண்டுக்கு மேல் எடை, அந்த உடம்புக்கு நம்ப முடியாத வேகம். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை சட்டையில்லாமல் அட்டைப்படம் போட்டது. அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் வரிசையாக மூன்று பேர்: டிராய் எய்க்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். முதல் ஐந்து பேரில் நாலு பேர் ஹால் ஆஃப் ஃபேம். மிச்சம் ஒருவர் மண்டாரிச். கல்லூரிக் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததாக 2008-ல் அவரே ஒப்புக்கொண்டார். அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்தார்கள். அளந்தது எதை என்பதுதான் தெரியாமல் போயிற்று.

ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 2018 கம்பைனில் 40 கஜத்தை 5.85 விநாடியில் ஓடினார், எடையை 14 தடவைதான் தூக்கினார். அந்த வாரம் அவரைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. மூன்றாவது சுற்றில் 83-ஆவதாகப் பால்டிமோர் எடுத்தது. பிறகு நாலு தடவை புரோ பௌல். மெதுவாக ஓடுகிறவர்தான். ஆனால் அவரைச் சுற்றிக்கொண்டு போக எதிராளி ரொம்ப தூரம் ஓட வேண்டியிருக்கிறது!

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது 60 சதவீதம்.

பொறியியல் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, மூன்றிலும் 60-க்கு மேல் இருந்தால்தான் பிளேஸ்மென்ட் ஹாலுக்குள் விடுவார்கள். என் ஹாஸ்டல் ரூம்மேட்டுக்குப் பன்னிரண்டாவதில் 58. அந்த வருஷம் அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஆறு மாதம் இவன்தான் கடையைப் பார்த்தான். எங்கள் செட்டில் கோடு எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான், மற்றவர்கள் மனப்பாடம். ஃபைனல் இயரில் ஒரு பெரிய கம்பெனி வந்தது. டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றவனை மார்க்‌ஷீட் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவன் சொல்லிக் கொடுத்ததை வைத்து நாங்கள் ஏழு பேர் உள்ளே போய் ஆஃபர் வாங்கினோம். இப்போது ஒரு வங்கியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் பேசும்போதும் நான்தான் கொதித்தேன். "டேய் விடுறா, ஆயிரம் பேர் நிக்கும்போது அவன் எதையாவது வெச்சு வெட்டித்தானே ஆகணும்" என்றான்.

அவன் சொல்வது உண்மை. இப்போது நானே இன்டர்வியூ எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் தெரிகிறது. ஆனால் 34 அங்குலத்துக்கும் 60 சதவீதத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஒரு அணி வேண்டாம் என்று விட்டவன் மறைந்து போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எதிரணிச் சட்டையில் வந்து நிற்கிறான். எத்தனையாவதாக எடுக்கப்பட்டான், அவனை விட்டுவிட்டு நீ யாரை எடுத்தாய் என்பது சாகும்வரை கூடவே எழுதப்பட்டிருக்கும். கோடு தப்பு என்றால் பத்து வருஷத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், கோடு கொஞ்சம் நகரும். இங்கே ஹாலுக்கு வெளியே நின்றவன் என்ன ஆனான் என்று அந்தக் கம்பெனி ஒரு நாளும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. உள்ளே வந்தவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள், ஆகவே கோடு சரி. ஆட்டோமேஷனில் இதை எழுதிக் கொடுத்தால் எந்த டெஸ்டரும் திருப்பி அனுப்புவார்.

2011-ல் பிலடெல்ஃபியா அணி முதல் சுற்றில் 23-ஆவதாக டேனி வாட்கின்ஸ் என்ற கார்டை எடுத்தது. கனடாவில் தீயணைப்பு வீரராக இருந்தவர், அப்போதே வயது 26. பலசாலி. அதே டிராஃப்டில் ஆறாவது சுற்றில், 191-ஆவதாக, சின்சினாட்டி பல்கலைக்கழகத்திலிருந்து ஜேசன் கெல்சி என்ற சென்டரை எடுத்தது. கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப் இல்லாமல் வேறு இடத்து ஆட்டக்காரனாக வந்து சேர்ந்து, பிறகு லைனுக்கு மாறியவர். 280 பவுண்டு, இந்தத் தொழிலில் அது நோஞ்சான் கணக்கு. வாட்கின்ஸ் இரண்டு சீசனில் வெளியே போனார். கெல்சி முதல் ஆட்டத்திலிருந்தே சென்டர், 13 சீசன், எல்லாம் அதே அணிக்கு. ஒரே அறையில், ஒரே ஆட்கள், மூன்று நாளுக்குள் எடுத்த இரண்டு முடிவுகள். ஆனால் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த வருஷம் லைனுக்குப் பயிற்சியாளராக வந்திருந்த ஹோவர்ட் மட், சின்ன உடம்பு வேகமான ஆட்களை விரும்புகிறவர். கனமான சுவர்தான் வேண்டும் என்கிற வேறொரு பயிற்சியாளரிடம் கெல்சி போயிருந்தால்? ஆளை மட்டும் அளந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அதே அணி 2018-ல் ஏழாவது சுற்றில், 233-ஆவதாக, ஜோர்டன் மைலாட்டா என்ற சிட்னி பையனை எடுத்தது. சமோவா வம்சாவளி, ஆறடி எட்டு அங்குலம், 340 பவுண்டுக்கு மேல். ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவரைப் பற்றி எடுத்துப் பார்க்க ஒரு வீடியோவும் கிடையாது, ரக்பியில் பந்தைத் தூக்கிக்கொண்டு நாலு பேரை இழுத்துக்கொண்டு ஓடுவதைத் தவிர. முதல் இரண்டு சீசன் களத்திலேயே இறங்கவில்லை. லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் அவருக்குக் கால் எங்கே வைக்க வேண்டும் என்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தார். 2020-ல் இடது டேக்கிள். 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஜெயித்த அணியின் இடது டேக்கிளும் அவர்தான்.

இரண்டு வருஷம் ஒருவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க எத்தனை அணிக்குப் பொறுமை இருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் டீமில் புதிதாக வருகிறவருக்கு ஆறு வாரம் தருகிறோம், அதையே நாலாகக் குறைக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது.

டிராஃப்டின் முதல் நாளை இப்போதெல்லாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கோட் சூட், மேடை, கட்டிப்பிடிப்பு, அவ்வளவுதான். மூன்றாவது நாள் கடைசி சுற்றுகள் நம் கணக்குக்கு ஞாயிறு விடிகாலையில் வருகின்றன. பெயர்கள் வேகவேகமாக ஓடும், தொகுப்பாளர்களுக்கே பாதி பெயரை உச்சரிக்கத் தெரியாது. கார்ட், ஏதோ ஒரு சின்ன ஊர்க் கல்லூரி, கை 32 1/4. நான் லேப்டாப்பில் அவனுடைய ஒரு ஆட்டத்தைத் தேடி எடுத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, பந்தை விட்டுவிட்டு அவன் கால்களைப் பார்க்க ஆரம்பிப்பேன்.