கூண்டு ஏற்றாமல் வரும் புயல்

நுழையும்முன்

மருத்துவமனை நோய் தீர்க்கும் இடம். கொள்ளைநோய்க் காலத்தில் அதுவே நோய் பரவும் இடமாகவும் மாறிவிடக்கூடும். அவ்வாறு மாறாமல் காப்பது, அங்குப் பணிபுரிவோர் முன்கூட்டியே பெற்றிருக்கும் பயிற்சி. அப்பயிற்சியின் தேவையைக் கடலூர் மாவட்டத்தின் பட்டறிவு வழியே எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

கடலும் காய்ச்சலும்

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் செய்தி, கடலோர ஊர்களுக்குப் பழகிய ஒன்று. கூண்டின் எண்ணைக் கேட்டதும் மீனவர்கள் படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டுவர், வலைகளைப் பத்திரப்படுத்துவர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. இழப்புகளால் பாடம் கற்ற மாவட்டம், கடலின் சீற்றத்தை எதிர்கொள்ளும் முறைகளை வகுத்துக்கொண்டது.

கொள்ளைநோய்க்கு இத்தகைய கூண்டு இல்லை. புறநோயாளிகள் பிரிவில் சீட்டுப் பெறக் காத்திருப்போர் வரிசையில், நாள்தோறும் வரும் காய்ச்சல்களுள் ஒன்றாக அது வந்து நிற்கும். அந்த ஒரு காய்ச்சலை எதிர்கொள்ளும் ஆயத்தத்தை அன்று காலையில் செய்துகொள்ள இயலாது.

மே மாதத்தில் வந்த அலை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று கண்டறியப்பட்டது. ஏப்ரல் இறுதிவரை கடலூர் மாவட்டத்தில் தொற்றுக்கு ஆளானோர் மிகச் சிலரே. சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் சுமை தூக்கியும் சிறு வணிகம் செய்தும் பிழைத்தவர்களுள் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தோர் பலர். சந்தையில் தொற்று பரவியபோது, அவர்கள் கிடைத்த சரக்குந்துகளில் ஏறிச் சொந்த ஊர் திரும்பினர். மே 4 அன்று, ஒரே நாளில், கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. மறுநாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது.

நோயுற்றோரைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஏற்றுக்கொண்டன. 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்மருத்துவக் கல்லூரி, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத பகைக்கு நடுவே பணியாற்ற வேண்டிய நிலை, மருத்துவர் முதல் தூய்மைப் பணியாளர் வரை அனைவருக்கும் அன்று நேர்ந்தது.

பெயர் தெரியும் முன்னரே

அதற்கு ஈராண்டுகளுக்கு முன் அண்டை மாநிலமான கேரளம் ஒரு பெருந்துயரைச் சந்தித்தது. கோழிக்கோடு மாவட்டத்தின் பேராம்பிரா வட்ட மருத்துவமனையில் பணிபுரிந்தவர் லினி என்னும் இளம் செவிலியர். 2018 மே மாதத்தில், காய்ச்சலோடு வந்து சேர்ந்த நோயாளிக்கு அவர் பணிவிடை செய்தார். அந்நோய் நிபா என்பதை அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை. மே 21 அன்று, இரு சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு லினி உயிர்நீத்தார். அந்த ஆண்டு நிபாவுக்கு ஆளானோரில் பெரும்பாலோர் மருத்துவமனைச் சூழலிலேயே தொற்றைப் பெற்றனர்.

மறு ஆண்டு எறணாகுளத்தில் மாணவர் ஒருவருக்கு நிபா கண்டறியப்பட்டபோது நிலை வேறாக இருந்தது. தனிமைப் பிரிவு விரைந்து ஆயத்தமாயிற்று. அவரோடு தொடர்பு கொண்டோர் கண்டறியப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். மாணவர் நலம் பெற்றார். நோய் பிறருக்குப் பரவவில்லை. கிருமி அதே கிருமிதான். எதிர்கொண்டவர்கள் முன்னரே கற்றிருந்தார்கள்.

நோயின் பெயர் உறுதியான பின்னர்க் காப்பு முறைகளைத் தொடங்குவது காலம் கடந்த செயல் என்பதே லினியின் இறப்பு உணர்த்தும் உண்மை. எந்த நோயாளிக்கும் தொற்று இருக்கக்கூடும் என்று கொண்டு, கைத்தூய்மையும் கையுறையும் முகக்கவசமும் தேவைக்கேற்ப எந்நாளும் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

ஒரு கேள்வியின் ஆற்றல்

நோயாளியிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதும் ஒரு காப்பு முறையே. 2014 சூலை மாதத்தில், எபோலா பரவியிருந்த லைபீரியாவிலிருந்து நைஜீரியாவின் லாகோசு நகருக்கு வந்த பயணி ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மலேரியா எனக் கருதிச் சிகிச்சை தொடங்கியது. மருத்துவர் அமேயோ அடாடேவோ என்னும் பெண்மணி, அவர் எங்கிருந்து வந்தார் என்பதை எண்ணிப் பார்த்து எபோலாவாக இருக்கலாம் என ஐயுற்றார். நோயாளியை வெளியே அனுப்புமாறு வந்த நெருக்குதலுக்கு அவர் இணங்கவில்லை. பெருநகரில் காட்டுத்தீயாய்ப் பரவியிருக்கக்கூடிய நோய், இருபது பேரோடும் எட்டு இறப்புகளோடும் அடங்கியது. அந்த எண்மருள் அடாடேவோவும் ஒருவர்.

“காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது? அண்மையில் எங்கே சென்று வந்தீர்கள்?” என்னும் இரு கேள்விகளைச் சீட்டு வழங்குமிடத்திலேயே கேட்டு, ஐயத்திற்கு உரியவருக்கு முகக்கவசம் அளித்துத் தனியிடத்தில் அமர்த்தினால், பின்னால் காத்திருக்கும் கருவுற்ற பெண்ணும் முதியவரும் காக்கப்படுவர். சென்னையிலிருந்து சரக்குந்தில் வந்து இறங்கிய தொழிலாளியிடம் கேட்கப்பட வேண்டியதும் இதே கேள்விதான்.

அணிவதினும் அரிது களைவது

காப்புடையை அணிவதைவிடக் களைவதே கடினமான கலை. பணி முடிக்கையில் உடையின் வெளிப்புறம் முழுவதும் கிருமி படிந்திருக்கலாம். களைப்போ பசியோ மேலிட, உறையணிந்த விரலால் கண்ணை ஒருமுறை கசக்கினால் போதும்; அதுவரை பேணிய காப்பெல்லாம் வீணாகிவிடும். ஆதலால் ஒவ்வொன்றையும் உரிய வரிசையில் களைய வேண்டும். இடையிடையே கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிய கவசத்தை இறுதியில் அகற்ற வேண்டும். உடன்பணியாளர் ஒருவர் அருகில் நின்று, ஒவ்வொரு படியையும் கவனித்துச் சொல்வது சிறந்த முறை.

இதனைக் கற்பிக்க எளிய வழி ஒன்று உண்டு. புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் நீர்மத்தைக் காப்புடையின் மீது தெளித்து, பயிற்சி பெறுவோரை உடை களையச் செய்வர். பின்னர் விளக்கை இருட்டு அறையில் ஏற்றுவர். கழுத்திலோ மணிக்கட்டிலோ ஒளிரும் புள்ளி, எங்கே பிழை நேர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அப்பிழை பயிற்சியறையில் நேர்வது நல்லது. நோயாளி அறையில் நேர்ந்தால் அதற்கு உயிரே விலையாகலாம்.

நான்காம் தூண்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் ஒரு கூறாகவே வள்ளுவர் வைத்தார். இன்று அந்த நான்காம் கூறில் செவிலியரோடு ஆய்வகத்தார், அவசர ஊர்தி ஓட்டுநர், தூய்மைப் பணியாளர் ஆகியோரும் அடங்குவர். நோயாளியின் குருதி படிந்த பஞ்சை மஞ்சள் பையிலும், ஊசியைத் துளைபடாத வெண்ணிறக் கலனிலும் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஊசி தவறான பையில் விழுந்தால், அது குத்துவது பெரும்பாலும் அப்பையைத் தூக்கிச் செல்பவரின் கையையே. எனவே மருத்துவருக்குக் கிடைக்கும் பயிற்சியும் காப்புடையும் தூய்மைப் பணியாளருக்கும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.

சமூகம் செலுத்த வேண்டிய கடன்

2020 ஏப்ரலில், தொற்றால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் சிலர் தடுத்தனர். அச்சம், மனிதரை இந்த அளவுக்குக் கீழிறக்கிவிடும். அதே மாதத்தில், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை விதிக்கும் வகையில் கொள்ளைநோய்ச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் தாக்குதலைத் தடுக்கலாம். அச்சத்தைப் போக்க அறிவு வேண்டும். தொற்று எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்பதை அறிந்த ஊர், தன் செவிலியரைத் தெருவில் கண்டு விலகி ஓடாது. நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகச் செல்லாமலும், பயண விவரத்தை மறைக்காமலும் ஒத்துழைப்பதும் அவ்வூரின் கடமையாகும்.

அமைதிக் காலத்தின் அறம்

கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு முறைப்படி கழுவ நாற்பது முதல் அறுபது நொடிகள் ஆகும். தொற்று ஏதும் இல்லாத ஒரு நாளில், எவரும் கண்காணிக்காத வேளையில், சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒரு செவிலிய மாணவி அந்த அறுபது நொடிகளையும் முழுமையாகச் செலவிடுகிறாள் எனில், அவள் அடுத்த நோயாளியைக் காக்கிறாள். தன்னையும், வீட்டில் காத்திருக்கும் தன் தாயையும் காக்கிறாள். துறைமுகக் கூண்டு புயல் வரும் நாளில்தான் ஏறும். மருத்துவமனையிலோ எச்சரிக்கை எந்நாளும் ஏற்றப்பட்டே இருக்க வேண்டும்.