மலாவியில் மருந்துக்காக நடப்பவர்கள்

லிம்பேயிலிருந்து முலாஞ்சே போகும் சாலையில் இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள். தியோலோவைத் தாண்டிச் சிறிது தூரம் போனால், 3,002 மீட்டர் உயர முலாஞ்சே மலை கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. இது ஆப்பிரிக்க நாடான மலாவியின் தென்பகுதி. நாட்டில் எச்.ஐ.வி. பாதிப்பு மிகுந்த பகுதியும் இதுதான்.

மினி பஸ்ஸிலிருந்து இறங்கி, 'கபாசா' என்று அழைக்கப்படும் வாடகை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஒரு கிராமத்து மருத்துவமனைக்குப் போனேன். வளாகத்தில் நோயாளிகளின் உறவினர்கள் விறகடுப்பில் மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஒரு சிறு நோட்டு. அவர்களுடைய மருத்துவ வரலாறு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமும் கால்மணி நேரமும் போதும். முதல் கிட்டில் தொற்று தெரிந்தால், வேறொரு வகைக் கிட்டால் உறுதிசெய்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். அன்று அந்த இரண்டாவது கிட் தீர்ந்துபோயிருந்தது. முதல் கிட்டிலும் மிச்சமிருந்ததைக் கர்ப்பிணிகளுக்கென்று எடுத்துவைத்திருந்தார்கள். வெகுதூரம் நடந்து வந்த ஒரு பெரியவரிடம், "அடுத்த வாரம் வந்து பாருங்கள் ஐயா" என்றார் நர்ஸ். அடுத்த வாரம் கிட் வந்துவிடும் என்று நர்ஸாலும் உறுதி சொல்ல முடியவில்லை.

கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை தருவது நியாயம்தான். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தாயிடமிருந்து தொற்று வரக்கூடும். முறையாக மருந்து கொடுத்தால் அதை ஐந்துக்கும் கீழே கொண்டுவரலாம். தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் சிகிச்சை என்ற திட்டத்தை 2011இல் உலகிலேயே முதலில் தொடங்கியது இந்த ஏழை நாடுதான். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு கிட்டுக்காக மக்கள் காத்து நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மருந்து தரும் ஜன்னலில், முதுகில் குழந்தையைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். வழக்கமாக மூன்று மாதத்துக்குக் கிடைக்கும் மாத்திரை, இம்முறை இரண்டு வாரத்துக்குத்தான். 90 மாத்திரை டப்பாவைப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணிச் சிறு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் இவ்வளவு தூரம் நடந்து வர வேண்டும். வரும் நாளெல்லாம் தேயிலை பறிக்கும் கூலி போய்விடும். ஒருமுறை வர முடியாமல் போனாலும் சிகிச்சை அறுந்துவிடும். அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகும்.

அந்த டப்பாவில் இந்திய முகவரி இருந்தது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக 2001இல் அறிவித்தவர் இந்திய மருந்து நிறுவனமான சிப்ளாவின் யூசுப் ஹமீத். அதன் பிறகு விலை இன்னும் பல மடங்கு இறங்கிவிட்டது. ஆனால் மலாவிக்குக் கடற்கரை கிடையாது. சரக்கு அயல்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கி, லாரியில் வந்து சேர வேண்டும். அந்நியச் செலாவணிக்கும் தட்டுப்பாடு, டீசலுக்கும் தட்டுப்பாடு. மருந்துச் செலவில் பெரும்பகுதிக்கு வெளிநாட்டு நிதியை நம்பியிருக்க வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

மருந்து கண்டுபிடித்தாயிற்று, விலையும் குறைந்தாயிற்று. மிச்சமிருப்பது அது தவறாமல் அலமாரிக்கு வந்து சேர்வதுதான். கிராமத்து மருத்துவமனைகளில் சில மாதங்களுக்கான கையிருப்பு எப்போதும் இருக்க வேண்டும்; அதற்கான பணத்தை எந்த அரசியல் முடிவும் பாதியில் பறிக்கக் கூடாது. சிகிச்சையை விடாமல் தொடரும்படி அந்தப் பெண்ணிடம் கேட்கும் உலகம், மருந்தையும் விடாமல் தரக் கடமைப்பட்டிருக்கிறது.