மாற்றுரைத்த பொன்னும் ரசீதில்லாத விளக்கும்

அன்பளிப்பாக வந்த பொருளில் குறை காண்பது அழகன்று என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வந்த பண்பு. கொடுத்தவரின் மனத்தைப் பார்க்க வேண்டும், பொருளைப் பார்க்கலாகாது என்று பெரியோர் சொல்வர். ஆயினும் அப்பொருள் பழுதுடையதாக இருந்து, கடையில் மாற்றியே தீரவேண்டிய நிலை வந்தால் என் செய்வது? கையில் ரசீதும் இராது. விலை தெரிதல் கூடாது என்று ரசீதை அகற்றிவிட்டுப் பரிசளிப்பதுதானே நம் வழக்கம்!

இதற்கு வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. திருமுதுகுன்றத்து இறைவன் சுந்தரமூர்த்தி நாயனாருக்குப் பன்னீராயிரம் பொன் அருளினார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறும் பணித்தார். ஆற்றில் இடுமுன் நாயனார் அப்பொன்னில் சிறிது மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்பது மாதிரித் துண்டு. கமலாலயத்தில் எடுத்த பொன்னை மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. நாயனார் மீண்டும் இறைவனைப் பாடினார். பொன் மாற்று நிறைந்தது. அக்குளக்கரையில் எழுந்தருளியிருக்கும் மாற்றுரைத்த பிள்ளையாரைத் திருவாரூர் சென்ற அன்பர்கள் வணங்கியிருப்பார்கள்.

இறைவன் தந்த பொன்னையே உரைத்துப் பார்த்தார் நாயனார். ஆகவே, அன்பளிப்பைச் சோதிப்பது அவமதிப்பன்று. குறை கண்டபோது அவர் மனத்துக்குள் புழுங்கவில்லை, தந்தவனிடமே முறையிட்டார். கையில் மச்சம் இருந்தது, உரிமையோடு கேட்டார். இன்று ரசீது செய்யும் வேலையை அன்று அந்த மச்சம் செய்தது. மச்சம் இல்லாதவர் எப்படிக் கேட்பது?

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில், ஒரு தம்பதியரின் சஷ்டியப்தபூர்த்திக்கு மனைவியின் தமையனார் ஓர் இணைப் பித்தளைக் குத்துவிளக்குகளைச் சீராகக் கொண்டுவந்து வைத்தார். சிறிய ஓய்வூதியத்தில் வாழ்பவர். தம் சக்திக்கு மீறியே செலவிட்டிருந்தார். முதல் வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய மறுநாள் காலை, ஒரு விளக்கின் பீடத்தைச் சுற்றி எண்ணெய் தேங்கி நின்றது. வார்ப்பில் நேர்ந்த மயிரிழைத் துளை ஒன்று எண்ணெய்த் தட்டின் அடியில் இருந்தது. அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் இதே கதை.

அண்ணாவிடம் ரசீது கேட்க அந்த அம்மையாருக்கு மனம் வரவில்லை. கேட்டால் அவர் வெயிலில் பேருந்தேறிச் சென்று, ரசீது கிடைக்காவிட்டால் கைப்பணத்தைப் போட்டுப் புதியது வாங்கிவிடுவார். கணவர் எளிய வழி ஒன்று சொன்னார்: "நாமே வாங்கினோம், ரசீது தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடு. வேலை முடிந்துவிடும்."

அம்மையார் தயங்காமல் சொன்னார்: "பொய் சொல்லி மாற்றிக்கொண்டு வந்த விளக்கை எந்த முகத்தோடு நான் சுவாமிக்கு ஏற்றுவேன்?"

விளக்குகளைத் துலக்கி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கினார். கடையின் பெயர் அச்சிட்ட துணிப்பையில் பழுதானதை மட்டுமன்றி இரண்டையுமே எடுத்துக்கொண்டார். மொய் நோட்டையும் உடன் வைத்துக்கொண்டார். கடைப்பணியாளர், "ரசீது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதம்மா" என்றார். அம்மையார் குரலை உயர்த்தவில்லை. உரிமையாளர் வரும்வரை அமர்ந்திருந்தார். வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னார்: வாங்கியவர் தமையனார், வந்தது சீராக, தேதி மொய் நோட்டில் உள்ளது, மூன்று முறை ஏற்றியாயிற்று, ரசீது இல்லை.

உரிமையாளர் இரண்டு விளக்குகளையும் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே பட்டறையின் முத்திரை. உயரமும் வார்ப்பு வேலைப்பாடும் ஒன்றே. தட்டில் எண்ணெய் வார்த்துக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் அடியில் ஒரு துளி திரண்டது. மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதே அளவு விளக்கொன்றின் தட்டைத் திருகிக் கழற்றி இதில் பொருத்தினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். பழுதில்லாத விளக்கே பழுதான விளக்குக்கு மச்சமாக நின்றது.

சட்டமும் இத்தகையோருக்குத் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் கொடுத்து வாங்கியவரை மட்டும் நுகர்வோர் என்று கொள்ளவில்லை. அவர் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. எனவே பரிசு பெற்றவருக்கும் கேட்கும் உரிமை உண்டு. பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது அச்சட்டம். ரசீது தராமல் விற்பதும் அவ்வாறே. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பவை பழுதாகா. அவற்றுக்கு மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை.

ரசீது இல்லாதபோது வேறு சான்றுகளைத் தேடலாம். அட்டை மூலமோ கைப்பேசி மூலமோ பணம் செலுத்தியிருந்தால் வங்கிக் கணக்கில் தேதியும் தொகையும் பதிவாகியிருக்கும். பில் போடும்போது பல கடைகளில் கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணைச் சொன்னால் நகல் கிடைக்கக்கூடும். மிக்ஸி, குக்கர் போன்றவற்றில் வரிசை எண் இருக்கும். பெட்டியையும் பையையும் உடனே எறிந்துவிடாதிருத்தல் நலம். நியாயம் கிட்டாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இத்தனை சான்றுகள் இருந்தாலும், கேட்பவரின் சொல்லில் பொய் கலந்துவிட்டால் அவை யாவும் மாற்றுக் குறைந்துபோகும். ஒரு பொய்யைக் கண்டுகொண்ட வணிகர் அடுத்து வரும் உண்மையாளரையும் ஐயத்தோடே பார்ப்பார். ரசீது இல்லாமல் கேட்பவரிடம் கடைக்காரர் உரைத்துப் பார்ப்பது பொருளை மட்டுமன்று, ஆளையுந்தான்.

பரிசளிப்போரும் ஒன்று செய்யலாம். விலையை மறைப்பது பண்புதான். அதற்காக ரசீதைக் கிழித்தெறிய வேண்டுவதில்லை. தம் வீட்டுப் பெட்டியில் சில மாதங்கள் பத்திரமாக வைத்திருந்து, "பழுது ஏதேனும் இருந்தால் கூச்சமின்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த வார்த்தையும் பரிசோடு சேர்ந்த பரிசே.